குனியாதவருக்கே முக்காடு விலகும்: நாவல் வில்லி ஒருத்தியைச் சண்டை விளையாட்டில் ஒளித்து வைக்கும் முறை

இருவர் நேருக்கு நேர் மோதும் இரு பரிமாணச் சண்டை விளையாட்டு ஒன்று கையில் இருக்கிறது, பதினொரு பாத்திரங்கள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டாவதாக, பட்டியலில் இல்லாத ஒருத்தியை உள்ளே புதைக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இருந்து விளையாட்டு செய்பவர்களுக்கு மிகப் பொருத்தமான ஆள் ஆங்கில எழுத்தாளர் ரைடர் ஹாகர்டின் 'ஷி' நாவலில் ஈராயிரம் ஆண்டு இளமை மாறாமல் ஆளும் அரசி ஆயிஷா. ஹாகர்ட் 1875இல் துணைநிலை ஆளுநர் புல்வரின் அலுவலகத்தில் வேலை பார்க்க, டர்பன் இருந்த பிரிட்டிஷ் காலனியான நேட்டாலுக்கு வந்தவர். மதராஸிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்து அப்போது பதினைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த மண்ணில் கழித்த ஆண்டுகள் அவருடைய எழுத்துக்குத் தீனி போட்டன. 1886 அக்டோபர் முதல் 1887 ஜனவரி வரை தொடராக வந்த கதை இது.

அவளைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம் உரிமை. ஹாகர்ட் 1925இல் இறந்தார். தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து ஐம்பது ஆண்டுகள் வரைதான் காப்பு. எழுபது ஆண்டு கணக்குப் போடும் நாடுகளிலும் அது எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் இந்தக் கதையை வைத்து 1935இலும் 1965இலும் எடுத்த படங்களின் உடை, கிரீடம், அரங்க அமைப்பு எதையும் பார்த்து வரையாதீர்கள். அவை தனித்தனிப் படைப்புகள். அவற்றின் கணக்கு வேறு. நாவலின் வரிகளிலிருந்து மட்டும் வரையுங்கள்: தலையிலிருந்து கால்வரை சுற்றிய மெல்லிய வெண்துணி, இடையில் இரட்டைத் தலைப் பாம்பு வடிவில் பொன் கச்சை, முக்காடு விலகினால் கரிய கூந்தல். நிழலுருவத்திலேயே அடையாளம் தெரிய இவ்வளவு போதும்.

பெயரைப் பற்றி முதலிலேயே முடிவெடுங்கள். ஆயிஷா என்பது டர்பனில் அடுத்த வீட்டுப் பெண்ணின் பெயர். இஸ்லாமியர் மதிக்கும் பெயர். கொலைகாரி ஒருத்தியின் தலைக்கு மேல் அதைப் பெரிய எழுத்தில் ஓட விட வேண்டாம். நாவலிலேயே அவளுடைய குடிகள் அவளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'ஹியா', அதாவது 'அவள்' என்றுதான் சொல்கிறார்கள். திரையில் 'அவள்' என்று போடுங்கள். தமிழில் அந்தச் சொல்லுக்கு உள்ள கூர்மை ஆங்கிலத்தில்கூட இல்லை. அவளுடைய ஆட்கள் பேசும் வரிகளில் மட்டும் 'அரசியார்' என்று வரட்டும். ஜூலு மொழியில் அவன், அவள் என்று பிரிக்கும் சொல் கிடையாது. 'யெனா' இருபாலுக்கும் பொது. ஆகவே ஜூலு வரிகளில் 'இந்த்லோவுகாசி', அதாவது ராணி, என்று எழுதினால்தான் யாரைச் சொல்கிறோம் என்பது நிற்கும்.

எப்படிக் கண்டுபிடிக்க வைப்பது

மறைபாத்திரத்தின் உயிர் இதில்தான். முன்னோடிகள் மூன்றைப் பாருங்கள்.

1992இல் வந்த 'மோர்ட்டல் காம்பாட்'டில் ரெப்டைல். பாலத்து அரங்கில் நிலாவைக் கடந்து நிழல்கள் போகும்போது, இரண்டு சுற்றிலும் ஓர் அடிகூட வாங்காமல், தடுப்புப் பட்டனைத் தொடாமல், கடைசியில் கொலைநகர்வையும் போட்டு முடித்தால் அவன் வருவான். திறமைக்கான சோதனை அது. ஆனால் நிழல் எப்போது வரும் என்பது ஆட்டக்காரர் கையில் இல்லை. எல்லாம் சரியாகச் செய்தும் நிழல் வராததால் கிடைக்காமல் போவது ஆளை வெறுக்க வைக்கும்.

1994இல் 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ'வில் அகுமா. தேர்வுத் திரையில் ரியூ, டி ஹாக், கைல், கேமி, மறுபடி ரியூ என்று வரிசையாக நின்று நின்று போய், கடைசியில் ஸ்டார்ட்டோடு மூன்று குத்துப் பட்டன்களையும் சேர்த்து அழுத்த வேண்டும். யாராவது சொல்லிக் கொடுக்காமல் இதை ஒருவர் தானாகக் கண்டுபிடிக்கவே முடியாது. இன்று அது தேடுபொறியில் ஒரு நிமிட வேலை, அவ்வளவுதான்.

மூன்றாவது, இல்லாத பாத்திரம். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'இல் ரியூ ஜெயித்ததும் சொல்லும் ஜப்பானிய வரி, ஷோர்யூகென் என்ற அடியை வெல்ல முடியாவிட்டால் நீ ஜெயிக்க முடியாது என்பது. ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த அடி 'ஷெங் லாங்' என்று ஆள் பெயர் போல ஆகிவிட்டது. 1992 ஏப்ரலில் ஓர் அமெரிக்க விளையாட்டு இதழ், அப்படி ஓர் ஆள் ஒளிந்திருப்பதாகவும் வரவழைக்கும் வழி இதுதான் என்றும் முட்டாள்தினச் செய்தி போட்டது. ஊரே காசைப் போட்டுத் தேடியது. குறிப்பு வரிகளை மொழிபெயர்ப்பவருக்கு ரகசியம் என்ன என்று முழுவதும் சொல்லிவிட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆகவே நிபந்தனை வில்லியின் கதைக்குள்ளிருந்தே வர வேண்டும். நாவலில் ஆயிஷாவின் முன்னால் கிழவன் பில்லாலி கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து போகிறான். கூட வந்த ஹாலி தவழ மறுத்து நிமிர்ந்தே நடக்கிறான். அங்கே அது ஓர் ஆங்கிலேயனின் மிடுக்காக எழுதப்பட்டிருக்கிறது. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் கையில் அதே குனியாமைக்கு வேறு எடை உண்டு. அதையே சாவியாக வையுங்கள்:

1. கணினியோடு தனியாக ஆடும் ஆட்டத்தில், குகை அரங்கில், முதல் சுற்றை எப்படியாவது ஜெயிக்க வேண்டும்.
2. இரண்டாம் சுற்று முழுவதும் ஒருமுறைகூடக் குனியாமல் ஜெயிக்க வேண்டும். தாழ்வாக வரும் அடியைக் குனிந்து தடுக்கக் கூடாது, குதிக்கலாம், பின்வாங்கலாம்.
3. வெற்றி நிலை ஓடும் 180 ஃபிரேமில் (ஃபிரேம் என்பது ஆட்டக் கணக்கின் ஒரு துடிப்பு, விநாடிக்கு 60 என்றால் இது மூன்று விநாடி) முதல் 90 ஃபிரேம் எந்தப் பட்டனும் தொடக் கூடாது.
4. பின்னணித் திரைச்சீலை விலகும். 'அவள்' சவாலுக்கு வருவாள். ஜெயித்தால் பாத்திரம் உங்களுடையது.

குறிப்பு எங்கே? குகை அரங்கின் பின்னணியில் ஒரு கிழவன் தவழ்ந்துகொண்டே இருக்கட்டும். ஆட்டக்காரர் குனியும் ஒவ்வொரு முறையும் அவன் ஒரு கணம் நின்று தலையைத் திருப்பிப் பார்க்கட்டும். எழுத்து வேண்டாம், மொழிபெயர்ப்பும் வேண்டாம். கூர்ந்து பார்க்கும் பிள்ளை இரண்டு நாளில் பிடித்துவிடும்.

குனிதலைக் கணக்கிடுவதில் வரும் சிக்கல்கள்

பெரும்பாலானோர் இங்கேதான் தவறுகிறார்கள். கீழ்த்திசைப் பட்டன் அழுத்தப்பட்டதா என்று மட்டும் பார்த்தால் நெருப்புப் பந்து வீசுபவர் யாராலும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாது. ஏனென்றால் நெருப்புப் பந்து வீசும் கால்வட்ட அசைவு கீழ்த்திசையில்தான் தொடங்குகிறது. பட்டனை விட்டுவிட்டுப் பாத்திரத்தின் நிலையைப் பாருங்கள்: குனிந்த நிலை தொடர்ந்து 6 ஃபிரேமுக்கு மேல் நீடித்தால் மட்டும் 'குனிந்தார்' என்று குறியுங்கள். அடிபட்டு விழுந்து எழும்போது இடையில் வரும் தாழ்ந்த நிலையைச் சேர்க்காதீர்கள். அது எதிராளி செய்தது.

பழைய கன்ட்ரோலர்களில் குச்சி தேய்ந்து தானாகக் கீழே சாயும். செங்குத்துத் திசைக்கான செயலற்ற எல்லையை (குச்சியின் எவ்வளவு சாய்வைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்ற அளவு, முழுச் சாய்வு 1) 0.5க்குக் கீழே குறைக்காதீர்கள். 0.2 போன்ற சிறிய எல்லை வைத்தால், முன்னால் நடப்பவரைக்கூட எஞ்சின் மூலைவிட்டமாகக் குனிந்ததாக எடுத்துக்கொள்ளும். தொடுதிரையில் கட்டைவிரல் வழுக்கும். அங்கே 6 ஃபிரேமை 10 ஆக்குங்கள்.

எல்லா எண்ணிக்கையும் ஃபிரேமில் இருக்கட்டும், விநாடியில் வேண்டாம். விளையாட்டு செய்ய உதவும் கொடோ (Godot) எஞ்சினில் வழக்கமான இயற்பியல் ஓட்டம் விநாடிக்கு 60 முறை. சண்டைக் கணக்கு முழுவதையும் அதிலேயே வையுங்கள். வரையும் வேகத்தோடு கட்டினால் மலிவுப் போனில் 40 ஃபிரேமாக இறங்கும்போது 'மூன்று விநாடி' நீண்டும் குறுகியும் போகும். இணைய ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஒத்துப் போகாமல் அறுந்துவிடும்.

அவளுடைய அடிகள்

ஆட்டக்காரர் கையில் வரும் 'அவள்'க்கு உயிர் 900 போதும், மற்றவர்களுக்கு 1000 என்றால். சவாலுக்கு வரும் தலைவியின் வடிவத்தைத் தனிக் கோப்பாக வைத்து 1200 கொடுங்கள். ஒரே கோப்பை இரண்டுக்கும் பயன்படுத்தினால் தலைவியைச் சரிசெய்யும் ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரரின் பாத்திரம் கெடும்.

*மூன்று விரல்.* நாவலில் உஸ்தானே என்ற பெண்ணின் கூந்தலில் அவள் கை படுகிறது. மூன்று விரல் அடையாளம் பனிபோல வெளுத்து நிற்கிறது. கொலை பிறகுதான், தொடாமலே. இரண்டையும் அப்படியே இரு அடிகளாக்குங்கள். முதல் அடி: தொடக்கம் (அடி விழும் முன்) 14 ஃபிரேம், தாக்கம் 3, மீட்பு (அடித்த பின் மறுபடி அசைய முடியும்வரை) 22. சேதம் வெறும் 40. பட்டால் எதிராளியின் தலையில் மூன்று வெண்கோடு 480 ஃபிரேம் நிற்கும். அதற்குள் இரண்டாவது அடியான சுட்டுவிரல் பட்டால் சேதம் ஒன்றரை மடங்கு. குறி இல்லாதபோது சுட்டுவிரல் சாதாரண அடி. குறியை மறுபடி போட்டால் நேரம் புதுப்பிக்கட்டும், கூட்டக் கூடாது. கூட்டினால் மூலையில் மாட்டியவர் மீளவே மாட்டார்.

*தண்ணீர்க் கலம்.* நடந்ததையும் நடப்பதையும் அவள் நீரில் காட்டுவாள், வருவதைக் காட்ட முடியாது. ஆகவே 180 ஃபிரேம் வரை எதிராளியின் சிறப்பு அடிக்கான சேமிப்பும் காத்திருப்பு நேரமும் தெரியட்டும். எதிராளி அடுத்து என்ன அழுத்துகிறார் என்று காட்டுவது கதைக்கும் துரோகம், ஆட்டத்துக்கும் துரோகம். இது திரையில் மட்டும் நிகழும் காட்சி. ஆட்ட நிலையில் ஓர் எண்ணைக்கூட மாற்றக் கூடாது.

*உயிர்த்தீ.* இவளுடைய முழு வடிவமைப்பும் இதில் நிற்கிறது. முதல் முறை தீயில் குளித்ததால் ஈராயிரம் ஆண்டு இளமை. இரண்டாம் முறை இறங்கியபோது குரங்களவுக்குச் சுருங்கி மடிந்தாள். ஆட்டத்தில்: ஒரு போட்டிக்கு ஒருமுறை (ஒரு சுற்றுக்கு இல்லை) உயிரில் 30 சதவீதம் மீட்பு, அடுத்த 600 ஃபிரேமுக்கு அடி 20 சதவீதம் கூடுதல். இரண்டாம் முறை அழைத்தாலும் தீ வரும். வந்து 120 ஃபிரேமில் அவளைச் சுருக்கி அந்தச் சுற்றை முடித்துவிடும். பட்டனைப் பூட்டிவிடலாமே என்று தோன்றும். பூட்டாதீர்கள். தோற்கும் தருவாயில் தீ கூப்பிடும் அந்த ஆசை இருந்தால்தான் அது ஆயிஷா. ஆனால் கைதவறிச் சாகக் கூடாது: இரண்டாம் முறைக்கு 30 ஃபிரேம் தொடர்ந்து அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று வையுங்கள், விட்டால் ரத்து. முதல் முறைக்கு 12 போதும்.

தலைவியாக வரும்போது கணினி, ஆட்டக்காரரின் பட்டனை அந்த ஃபிரேமிலேயே படித்துப் பதிலடி கொடுக்கும் பழக்கம் எளிதில் வந்துவிடும். குறைந்தது 15 ஃபிரேம் தாமதம் வையுங்கள். மனிதக் கண்ணும் கையும் ஏறக்குறைய அவ்வளவு எடுத்துக்கொள்ளும்.

படம், குரல், நெருப்பு

ஒரு படம் 256க்கு 256 புள்ளி என்றால் சுருக்காத நிலையில் 256 கேபி. 300 படம் வரைந்தால் 75 எம்பி நினைவகம். 2 ஜிபி போனில் அது பாரம். படங்களை ஒன்றாக அடுக்கும் 4096க்கு 4096 புள்ளித் தாளில் 256 படம் அடங்கும், 64 எம்பி. அந்த எண்ணுக்குள் நிறுத்துங்கள். முக்காட்டுத் துணி இங்கே உதவுகிறது: உடல் அசைவு மறைந்திருப்பதால் நடைக்கு 6 படம் போதும், துணியின் ஓரத்தைத் தனி அடுக்காக ஆட விடலாம். சுருங்கிச் சாகும் காட்சிக்கு 12 படம், ஒவ்வொன்றும் 10 ஃபிரேம். அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இந்தப் படங்களை விளையாட்டு தொடங்கும்போதே ஏற்றாதீர்கள். இரண்டாம் நிபந்தனை நிறைவேறிய அந்த நொடியில், ஆட்டம் ஓடும்போதே பக்கத்தில் தனியாக ஓடும் பின்னணி இழையில் ஏற்றத் தொடங்கினால் வெற்றி நிலையின் 180 ஃபிரேம் அதற்கு மறைவு. ஏறி முடியாவிட்டால் திரைச்சீலை இன்னும் கொஞ்சம் ஆடட்டும். திரை உறைந்து நிற்கக் கூடாது.

நெருப்புத் தூணை வரையும்போது ஒரு கவனம். டர்பனில் விளையாடப் போகிற பிள்ளைகளில் பலர் தீமிதி பார்த்து வளர்ந்தவர்கள். மஞ்சள், வேப்பிலை, கரகம், பூமாலை எதுவும் அந்தத் தூணருகில் வந்துவிட்டால் வில்லி அம்மனாகத் தெரிவாள். நாவலில் அது பூமியின் அடிக்குகையில் உருண்டு இடிபோல் முழங்கி வரும் பல நிறத் தீ. அப்படியே வரையுங்கள், முழக்கத்தையும் சேருங்கள். வெண்துணியின் மடிப்பும் சேலைக் கொசுவம் மாதிரி விழ வேண்டாம். சுற்றிக் கட்டிய துணி அது.

அமஹாகர் என்ற குடிகளை நாவல் காட்டும் விதம் அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பார்வை. அடிவாங்க வரும் கூட்டமாக அவர்களை ஆக்காதீர்கள். தவழும் கிழவன் ஒருவன் போதும்.

குரலுக்கு எழுத்துத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். 'நீ யார்? எழுந்து நில்' என்று குறைவாக, தாழ்வாக. சினிமா வில்லிச் சிரிப்பு வந்தால் பாத்திரம் செத்தது. தமிழ் எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துரு வேண்டும். கொடோவில் உரை வடிவாக்கிகள் இரண்டு உண்டு, மேம்பட்டதைப் பயன்படுத்துங்கள். எளியதில் 'கொ' உடையும், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கோப்பு அளவைக் குறைக்க எஞ்சினை வெட்டிக் கட்டுபவர்கள் அதைத்தான் முதலில் தெரியாமல் நீக்குகிறார்கள்.

ஒளித்து வைத்தல்

தேர்வுத் திரையில் 3க்கு 4 கட்டம், பதினொரு முகம், ஒரு காலிக் கட்டம் என்றால் ரகசியம் முதல் நாளே போயிற்று. பன்னிரண்டாவது கட்டத்தை 'குலுக்கல்' என்று நிரப்புங்கள். திறந்த பின் 'அவள்' தனிக் கட்டமாக மேலே, நடுவில் தோன்றட்டும்.

கோப்புகளுக்கு அவள் பெயரை வைக்காதீர்கள். பாறை_07 மாதிரி ஏதாவது. பொதியைப் பிரித்துப் பார்ப்பவர்கள் எப்படியும் பார்ப்பார்கள், குறியாக்கத்துக்காக நாட்களைச் செலவிட வேண்டாம். அதைவிட வேகமாகக் கசிவது சாதனைப் பட்டியல். இணைய விளையாட்டுக் கடையான ஸ்டீமில் சாதனையை மறைத்து வைக்கும் வசதி இருக்கிறது, மறக்காமல் இடுங்கள். சோதனைக்காக வைத்த குறுக்குவழிப் பட்டனையும் வெளியீட்டுப் பதிப்பில் அணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இணைய ஆட்டத்தில் திறந்தவர் திறக்காதவரோடு மோதும்போது இரண்டு பக்கமும் படங்கள் வேண்டும். பின்னால் தரவிறக்கிக்கொள்ளலாம் என்று விடாமல் முதல் பொதியிலேயே சேர்த்துவிடுங்கள். முன்கட்டண டேட்டாவில் விளையாடுபவருக்குப் போட்டி நடுவே 20 எம்பி என்பது போட்டி முடிந்ததற்குச் சமம்.

சேமிப்பு நிலை மூன்று: 0 தெரியாது, 1 பார்த்தாயிற்று, 2 திறந்தாயிற்று. 1 எதற்கு? எல்லாம் சரியாகச் செய்து அவளிடம் தோற்றவர் அடுத்த முறை முழு நிபந்தனையையும் சுமக்க வேண்டாம். குகை அரங்கில் ஒரு சுற்று குனியாமல் ஜெயித்தால் உடனே வரட்டும்.

எழுதும் நேரம் முக்கியம். லோட் ஷெடிங் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) பார்த்துப் பழகிய நாட்டில் 'வெளியேறும்போது சேமிப்போம்' என்பது ஆபத்து. நிலை மாறிய ஃபிரேமிலேயே எழுதுங்கள். பழைய கோப்பின் மேலேயே எழுதினால், பாதியில் மின்சாரம் போகும்போது பழையதும் புதியதும் சேர்ந்து போகும். வேறு பெயரில் தற்காலிகக் கோப்பாக முழுவதும் எழுதி, மூடி, திரும்பத் திறந்து சரிபார்த்து, பழையதைக் காப்புப் பிரதியாக்கி, பிறகு பெயரை மாற்றுங்கள். தொடங்கும்போது முதன்மைக் கோப்பு படிக்க முடியாவிட்டால் காப்புப் பிரதிக்குப் போக வேண்டும். இதைச் சோதிக்க ஒரே வழி, மேசைக் கணினியில் சேமிக்கும் நேரம் பார்த்துப் பிளக்கைப் பிடுங்குவது. இருபது முறையாவது செய்யுங்கள்.

வெளியிடும் முன் வேலை இரண்டு. ரகசியம் தெரியாத பத்துப் பேரிடம் கொடுத்து, குனியாத சுற்று தற்செயலாக எத்தனை முறை நிகழ்கிறது என்று பதிவு பாருங்கள். குதித்தே ஆடும் பாத்திரம் ஏதாவது இருந்தால் அடிக்கடி நிகழும். அப்போது குகை அரங்கின் எதிராளிக்குத் தாழ்வடிகளைக் கூட்டுங்கள், நிபந்தனையைத் தொடாதீர்கள்.

மற்றது தரச்சான்று. தென்னாப்பிரிக்காவில் விளையாட்டுகளையும் திரைப்பட, வெளியீட்டு வாரியம் வகைப்படுத்துகிறது. இணைய விநியோகத்தையும் உள்ளடக்கிய திருத்தச் சட்டம் 2022 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒளிந்திருக்கும் பாத்திரமும் உள்ளடக்கம்தான். 2005இல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' பொதிக்குள் முடக்கி விடப்பட்டிருந்த காட்சி வெளியே வந்ததும் அமெரிக்காவில் அதன் தரச்சான்று வயது வந்தோருக்கு மட்டும் என்று ஏறியது, கடைகள் பெட்டிகளைத் திருப்பி அனுப்பின. சுருங்கிச் சாகும் 120 ஃபிரேமையும் உஸ்தானே குறியையும் தனிக் காணொளியாகப் பதிந்து, திறக்கும் முறையை எழுதி, விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுங்கள்.